அவசரப் பிரிவில் முந்தி வந்தவருக்கு ஏன் முதலிடம் இல்லை?

கிள்ளான் ஜாலான் லங்காட்டில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையை ஊர்க்காரர்கள் இன்னும் ‘ஜி.எச்.’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே மட்டுமல்ல, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியானாலும், பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் ஓடிப்போகும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமானாலும், அவசரப் பிரிவில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம்: “நாங்க பத்து மணிக்கே வந்துட்டோம், பின்னால வந்தவர எப்படி உள்ள விட்டீங்க?” வங்கியிலும் அஞ்சலகத்திலும் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இந்தக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவசரப் பிரிவில் யார் எப்போது வந்தார் என்று பார்ப்பதில்லை. யாரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று பார்க்கிறார்கள்.

வாசலில் முதலில் விசாரிப்பவர் பெரும்பாலும் டாக்டராக இருக்கமாட்டார். ‘எம்.ஏ.’ என்று நாம் அழைக்கும் உதவி மருத்துவ அதிகாரியோ தாதியோதான் இருப்பார். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, நினைவின் தெளிவு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் பார்த்து நோயாளியை ஒரு நிறத்தில் சேர்ப்பார். சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து, எல்லா வேலையையும் விட்டுவிட்டு அவரைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் என்றால் நோய் கடுமையானது, படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும். நடந்து வந்து உட்காரக்கூடியவர்களுக்குப் பச்சை. 2022-இல் வந்த மலேசிய அளவுகோல் இதை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறது. ஆனால் மக்கள் வாயில் இருப்பது இந்த மூன்று நிறங்கள்தான்.

பச்சையில் மூன்று மணி நேரம் காத்திருப்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. வாசலில் போட்ட நிறம் அந்த நிமிடத்துக்குரியது. உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கத் தொடங்கினாலும், வலி இடம் மாறினாலும், பிள்ளை துவண்டுபோனாலும் எழுந்து போய்ச் சொல்லுங்கள். “முன்னைவிட மோசமாகிவிட்டது” என்றால் மறுபடி பார்ப்பார்கள். பேசாமல் பொறுத்துக்கொண்டிருப்பது மரியாதை என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அந்த மரியாதை கெடுதல் செய்யும்.

காத்திருப்பு நீள்வதற்கு இன்னொரு காரணம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. டாக்டர் பார்த்து, ‘வார்டில் சேர்க்க வேண்டும்’ என்று முடிவு செய்த பிறகும் வார்டில் கட்டில் காலியாகாவிட்டால் நோயாளி அவசரப் பிரிவிலேயே கிடப்பார். அவர் கிடக்கும் வரை அடுத்தவருக்கு இடமில்லை. 2021 ஜூலையில் கோவிட் உச்சத்தில் இருந்தபோது கிள்ளான் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்த படங்களை நாடே பார்த்தது. அந்தக் கொள்ளைநோய் அடங்கிவிட்டது, கட்டில் நெருக்கடி அடங்கவில்லை. முகப்பில் இருக்கும் தாதியிடம் கத்தினால் மேல்மாடியில் கட்டில் காலியாகாது.

இதெல்லாம் உள்ளே போன பிறகு நடப்பது. நம் வீடுகளில் உயிர் போவதோ அதற்கு முன்னால், ‘கேஸ்’ (வாயு) என்ற ஒரு சொல்லில்.

நெஞ்சு இறுகுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. “ராத்திரி பரோட்டா சாப்பிட்டது ஒத்துக்கல, வாயு புடிச்சிருக்கு” என்று ஓம வாட்டர் கொடுத்து, மார்பில் தைலம் தேய்த்து, “காலையில கிளினிக் போகலாம்” என்று படுக்க வைக்கிறோம். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே வரும். மருத்துவமனைக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. வீட்டில் நாம் தைலம் தேய்த்துத் தொலைக்கும் நான்கு மணி நேரத்தை அந்தப் பத்து நிமிட வேகத்தால் மீட்க முடியாது.

நம் சமூகத்துக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இனிப்புநீர் நெடுநாளாக இருப்பவருக்கு நரம்புகள் மழுங்கியிருக்கும். மாரடைப்பு வந்தாலும் சினிமாவில் காட்டுவதுபோல மார்பைப் பிடித்துக்கொண்டு விழமாட்டார். தாடை வலி, மேல்வயிற்றில் எரிச்சல், காரணமில்லாத களைப்பு, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை என்று வரும். பெண்களுக்கும் இப்படி வருவதுண்டு. அம்மா “ஒரு மாதிரியா இருக்கு” என்று சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கவாதமும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம், நோயாளியைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நிமிடத்திலிருந்து கணக்காகிறது. “எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?” என்று டாக்டர் கேட்கும்போது வீட்டார் ஆளுக்கொரு நேரம் சொன்னால் ஊசி போடுவதே சிக்கலாகிவிடும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊட்டாதீர்கள், புரையேறும்.

கூப்பிட வேண்டிய எண் 999. கைப்பேசியிலிருந்து 112 அழுத்தினாலும் அங்கேயே போய்ச் சேரும். அழைப்பை எடுப்பவர் உங்கள் வட்டார மருத்துவமனை ஆள் அல்லர்; அழைப்பு மையத்திலிருந்து அது ஆம்புலன்ஸ் பிரிவுக்கு மாற்றப்படும். அதனால் “கோவில் பக்கத்துல வீடு” என்றால் பயனில்லை. தெருப் பெயர், வீட்டு எண், அடுக்குமாடி என்றால் புளோக், மாடி, அருகில் தெரியும் கட்டடம் எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். மார்பை அழுத்தி உயிரூட்டுவது எப்படி என்று அந்தப் போனிலேயே சொல்லித்தருவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸின் ஒருவழிச் சாலைகளில் ஒருவர் தெருமுனையில் நின்று கைகாட்டினால் ஆம்புலன்ஸுக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகும்.

“ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நானே காரில் கொண்டுபோயிடுவேன்” என்பார்கள். காப்பாரிலிருந்தோ மேருவிலிருந்தோ ஜாலான் லங்காட்டுக்குப் போகிறவர் கிள்ளான் ஆற்றைக் கடந்தாக வேண்டும். மாலை நேரத்தில் அந்தப் பாலங்களில் நின்றவர்களுக்குத் தெரியும். பாலத்தின் நடுவில் இதயம் நின்றால் உங்கள் காரில் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இல்லை. நெஞ்சு வலிக்கிறவர் தானே ஓட்டிப் போவது அதைவிடக் கொடுமை.

சிலாங்கூரில் வாழ்பவர்கள் டெங்கியைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டில் அதிகமாக டெங்கி காணும் மாநிலம் இது. மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் இறங்கியதும் ‘விட்டுவிட்டது’ என்று நிம்மதி அடைகிறோம். பல நோயாளிகளுக்கு ஆபத்து தொடங்குவது அப்போதுதான். காய்ச்சல் தணிந்தபின் விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, பல் ஈறில் இரத்தம், மயக்கம், சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சளி, மூன்று நாள் முதுகுவலி, தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை இவற்றுக்கு அவசரப் பிரிவு இடமில்லை. கிளினிக் கெசிஹாத்தான் இருக்கிறது. குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான்.

போகும்போது அடையாள அட்டையோடு, சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளை நிற மாத்திரை’ என்பது எந்த டாக்டருக்கும் உதவாது. சாப்பிட்ட லேகியத்தையும் நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். திட்டுவார்களே என்று மறைப்பதால்தான் சிகிச்சை திசைமாறுகிறது. ஒவ்வாமை உள்ள மருந்து எது என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். கூட ஒருவர் போனால் போதும். ஆனால் அந்த ஒருவர் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும். தமிழ் மட்டுமே பேசும் பாட்டியைத் தனியே விட்டுவிட வேண்டாம். முடியாவிட்டால் ‘சாக்கிட் டாடா’ என்றால் நெஞ்சு வலி, ‘செசாக் நாஃபாஸ்’ என்றால் மூச்சுத் திணறல் என்ற இரண்டையாவது அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சாலை விபத்து என்றால் போலீஸ் புகார் இல்லாமல் பார்ப்பார்களா என்ற பயம் வேண்டாம். சட்டப்படி புகாருக்கு 24 மணி நேரம் இருக்கிறது. சிகிச்சைதான் முதலில்.

அருகில் இருப்பது தனியார் மருத்துவமனைதான் என்றால்? 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டம், 38-ஆவது பிரிவின்கீழ், உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையைத் தர எந்நேரமும் தயாராக இருக்க வேண்டிய கடமையைத் தனியார் நிலையங்களுக்கு விதிக்கிறது. உயிர் ஊசலாடும்போது பக்கத்தில் இருக்கும் கதவைத் தட்டுங்கள். ஆனால் தொடர்ந்து அங்கே செலவு செய்ய முடியாது என்றால் அதை முதல் மணி நேரத்திலேயே வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றுவதற்குக் கட்டில் தேட வேண்டும், அதற்கே நேரமாகும். மூன்றாம் நாள் பில்லைப் பார்த்துவிட்டு, பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்துப் போட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

இன்று இரவே ஒரு தாளில் வீட்டு முகவரியையும் அப்பா அம்மா சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் எழுதி, மேலே 999 என்று பெரிதாகப் போட்டு, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.