அரிவாள் செல் மரபணுவும் குழந்தைகளின் கடும் மலேரியாவும்

முன்னுரை

ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்போருள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே. எனினும், ஒரே ஊரில் ஒரே வகைக் கொசுக்கடிக்கு ஆளாகும் குழந்தைகளுள் சிலருக்கு நோய் காய்ச்சலோடு தணிகிறது. சிலருக்கு மூளை மலேரியாவாகவோ கடும் சோகையாகவோ முற்றுகிறது. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி குழந்தையின் மரபணுக்களைச் சார்ந்தது. அரிவாள் செல் மரபணுவை முன்வைத்து அதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பும் கேடும்

பீட்டா குளோபின் மரபணுவில் நேரும் ஒற்றை மாற்றத்தால், அப்புரதத்தின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக வாலின் அமைகிறது. மாறிய இம்மரபணுவைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறும் குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, அரிவாள் செல் நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறும் குழந்தை பொதுவாக நலமுடன் வாழ்கிறது. கடும் மலேரியாவிலிருந்து ஏறத்தாழ 90 விழுக்காடு காப்பும் பெறுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆந்தனி அலிசன் இத்தொடர்பை 1954இல் வெளியிட்டார். ஆக்சிசன் குறைந்த இரத்தக் குழல்களில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி தடைப்படுவதும், தொற்றுற்ற சிவப்பணுக்கள் குழற்சுவரில் ஒட்டும் திறன் குன்றுவதும் இக்காப்பிற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன.

பெற்றோர் இருவரிடமும் இம்மரபணு ஒற்றையாக இருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். அக்குழந்தைக்கு மலேரியா மிகக் கொடியது. ஒற்றையாகக் காக்கும் மரபணு இரட்டையாகும்போது கேடு விளைவிக்கிறது. இதனாலேயே மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் இயற்கைத் தேர்வு இம்மரபணுவை அழியவும் விடவில்லை. அனைவரிடமும் பரவவும் விடவில்லை.

ஒட்டுண்ணியின் பங்கு

2022இல் வெளியான ஆய்வொன்று, காம்பியா, கென்யா ஆகிய நாடுகளில் கடும் மலேரியாவுற்ற குழந்தைகளின் மரபணுக்களை, அவர்களைத் தொற்றிய பிளாஸ்மோடியம் பால்சிபாரம் ஒட்டுண்ணியின் மரபணுக்களோடு ஒப்பிட்டது. ஒட்டுண்ணி மரபணுத்தொகுதியின் மூன்று இடங்களில் அமைந்த குறிப்பிட்ட மாற்றங்கள், அரிவாள் செல் மரபணுவுடைய குழந்தைகளிடம் மிகுந்து காணப்பட்டன. அம்மாற்றங்களைக் கொண்ட ஒட்டுண்ணிக்கு எதிராக இக்காப்பு வலுக்குன்றுகிறது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

குழந்தையின் மரபணுவும் ஒட்டுண்ணியின் மரபணுவும் இணைந்தே காப்பின் அளவை முடிவு செய்கின்றன. எனவே, இம்மரபணுவை ஒற்றையாகப் பெற்ற குழந்தைக்கும் கொசுவலை, தடுப்பூசி, விரைந்த மருத்துவம் ஆகியவை இன்றியமையாதவை. இரட்டையாகப் பெற்ற குழந்தையைப் பிறந்தவுடன் இரத்தச் சோதனையால் கண்டறிவது அதனினும் இன்றியமையாதது.