மேடை அம்மாவுக்கு வில்லி வேஷம்!

வாருங்கள், பின்வாசல் வழியாக நுழைந்துவிடலாம். இது கிழக்கு பெர்லின், ஆண்டு 1954. ஷிஃப்பௌவர்டாம் தியேட்டர். சுருட்டும் கையுமாக அரங்கில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் பெர்டோல்ட் பிரெக்ட். மாதக்கணக்கில் ஒரே நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார். பெயர் ‘காகசிய வெண்கட்டி வட்டம்’. அக்டோபரில் அரங்கேற்றம்.

கதை நமக்குப் பழகியதுதான். ஒரு குழந்தை, ‘என் பிள்ளை’ என்று இரண்டு பெண்கள், நடுவில் ஒரு நீதிபதி. நம் பாட்டிமார் இதை மரியாதை ராமன் தலையில் கட்டினார்கள். ஜாதகக் கதையில் மகோசத பண்டிதர், பைபிளில் சாலமோன். சீனத்திலோ லி ஸிங்தாவ் என்பவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாடகமாக்கிவிட்டார். இவை எல்லாவற்றிலும், பிள்ளைக்கு வலிக்குமே என்று விட்டுக்கொடுப்பவள்தான் பெற்றவள். பிரெக்ட் அதைத் தலைகீழாக்கினார். பெற்றவள் பிடித்து இழுக்கிறாள். எடுத்து வளர்த்த வேலைக்காரி குரூஷா கையை விடுகிறாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! பிள்ளை குரூஷாவுக்கே என்று தீர்ப்பு.

இப்போது அசல் கிசுகிசுவுக்கு வருவோம். கலவரத்தில் கவர்னரின் மனைவி எந்தப் பட்டாடையை எடுத்துப்போவது என்று அலசிக்கொண்டிருந்து, பெற்ற பிள்ளையை மறந்துவிட்டு ஓடுகிறாள். பிறகு சொத்து வாரிசின் பெயரில் இருப்பதால் பிள்ளையைத் தேடி வருகிறாள். அந்த மகராசி வேஷம் யாருக்கு? ஹெலேன வைகெலுக்கு! பிரெக்டின் மனைவி, இந்த நாடகத்தை அரங்கேற்றும் பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவின் நிர்வாகி. 1949இல் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் தாயாக வண்டியை இழுத்து பெர்லினையே கலங்கடித்தவர். அந்த நாடகத்தில் அவருக்கு ஊமை மகளாக நடித்த ஆங்கலிகா ஹுர்விச்தான் இங்கே குரூஷா. நேற்றுவரை தாயும் மகளும், இன்று ஒரே பிள்ளையின் இரண்டு கைகளைப் பிடித்து எதிரெதிரே நிற்கிறார்கள். பழைய நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! புகழ்பெற்ற மேடைத் தாயைப் பொய்த் தாயாக நிறுத்தியதிலேயே பாதி வாதம் முடிந்துவிட்டது என்பேன்.

ஒப்பனை அறையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அதிகாரக் கூட்டத்துக்கு முகமூடி உண்டு, குரூஷாவுக்குக் கிடையாது. மேடையில் சுழலும் தளம். அவள் குழந்தையோடு மலைக்கு நடக்க நடக்க, காட்சிகள் அவளை நோக்கி வருகின்றன. இசையமைப்பாளர் பவுல் தெசாவ் இந்த நாடகத்துக்கென்றே ‘கோங்ஷ்பீல்’ என்று ஒரு புது வாத்தியம் செய்யவைத்தார். கதை சொல்லும் பாடகரும் எர்ன்ஸ்ட் புஷ், குடிகார நீதிபதி அஸ்தாக்கும் அவரே. மனிதருக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

அஸ்தாக் பிரெக்டையே படுத்தியெடுத்தவன். லஞ்சம் வாங்குகிறான், ஆனால் தீர்ப்பு ஏழைக்குச் சாதகமாகப் போகிறது. இவன் ஏன் இப்படி? விடை தெரியாமல் எழுத்தே நின்றுபோனது. பழைய எஜமான்கள் போய்ப் புது எஜமான்கள்தான் வந்தார்கள், புதுக் காலம் வரவில்லை என்ற அவனுடைய ஏமாற்றத்தில் விடை கிடைத்த பிறகே பேனா ஓடியது. கடைசியில் கிழத் தம்பதிக்குத் தரவேண்டிய விவாகரத்தைத் ‘தவறுதலாக’, வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த குரூஷாவுக்குக் கொடுத்து, அவள் காதலனோடு சேர வழி செய்கிறானே, அந்தக் குறும்புக்காகவே அவனுக்கு எத்தனை லஞ்சம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? அமெரிக்காவில். நாடுகடந்து வாழ்ந்த பிரெக்டுக்கு பிராட்வே ஒப்பந்தம் கிடைக்கக் காரணமாக இருந்தவர், இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகை லூயிஸ் ரெய்னர். குரூஷா அவருக்காகப் பிறந்தவள். ஆனால் இருவருக்கும் முட்டிக்கொண்டது. பிராட்வேயும் போச்சு, ரெய்னரும் போச்சு. 1944இல் எழுதிய நாடகத்தை 1948இல் முதலில் மேடையேற்றியவர்கள் மினசோட்டாவின் கார்ல்டன் கல்லூரி மாணவர்கள்! அதற்குள் பிரெக்ட் அமெரிக்காவைவிட்டே போய்விட்டிருந்தார்.

இலங்கையில் ஹென்றி ஜெயசேன 1967இல் இதைச் சிங்களத்தில் ‘ஹுணுவட்டயே கதாவ’ என்று கொண்டுவந்தார். அஸ்தாக் அவரே. மனைவி மானெல் ஜெயசேனவுக்கோ குரூஷா வேஷம். பிரெக்ட் மனைவியை வில்லியாக்கினார், ஜெயசேன கதாநாயகியாக்கினார். வீட்டில் யாருக்கு நிம்மதி என்பது வேறு விஷயம். மேடைக்கு எது பொருத்தம் என்று கேட்டால், நான் பிரெக்ட் கட்சி. உங்கள் ஊரில் இந்த நாடகம் வந்தால், குரூஷா யார் என்று பார்ப்பதற்கு முன் கவர்னரின் மனைவி யார் என்று பாருங்கள்.