துப்பாக்கிக் குழலைத் துரு அரிக்காமல் காத்தல்

பயிர்க்காவலுக்கென நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெறுவதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு உரிமம் பெற்ற அங்கத்தினர்கள் அறுவடை முடிந்ததும் துப்பாக்கியைத் துடைக்காமலே மூலையில் சாத்திவிடுவதுண்டு. அடுத்த பருவத்தில் எடுத்துப் பார்க்கையில் குழல் துருவேறிக் கிடக்கும். துருவால் மெலிந்த குழல் வெடித்துச் சிதறினால், சுடுபவரின் கையும் கண்ணும் போகும்.

கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அது எரிந்தபின் குழலில் தங்கும் கசடு உப்புத் தன்மையுடையது. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் மட்டும் தடவினால் இவ்வுப்பு கரையாது. அதன் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். உப்பைக் கரைப்பது நீரே.

முதற்கண், குழலில் மருந்து இல்லை என்பதை உறுதிசெய்க. மருந்து இடிக்கும் கோலை வாய்வழியே அடிவரை விட்டு அடையாளமிடுக. பின் அதனைக் குழலின் வெளிப்புறத்தே வைத்து அளந்து பார்க்க. கோல் நெருப்புத் துளை வரை எட்டாவிடில், உள்ளே மருந்து இருக்கலாம். அப்போது தாமே ஏதும் செய்யாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே முறை.

குழல் வெறுமையாயின், சிறிது சவுக்காரம் கலந்த வெந்நீரால் உட்புறத்தைக் கழுவுக. கேப்பு மாட்டும் காம்பையும் கழற்றிக் கழுவுக. கஞ்சி போகத் துவைத்த பழைய பருத்தித் துணியைக் கோலில் சுற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். நன்கு உலர்ந்தபின் தையல் எந்திர எண்ணெயை மெல்லப் பூசுக. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். மண்ணெண்ணெயோ விரைவில் ஆவியாகிப் போகும். ஆகவே இவை இரண்டும் வேண்டா.

தோலுறையிலும் சாக்கிலும் பொதிந்து வைத்தால் ஈரம் தங்கும். உலர்ந்த இடத்தில், பூட்டிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்தலே நன்று. மருந்தையும் கேப்பையும் வேறிடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறையும், மழைக்காலத்தில் இரு முறையும் துணியால் துடைத்துப் பார்க்க. துணியில் செந்நிறம் கண்டால் மீண்டும் எண்ணெய் பூசுக. தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்க நேர்ந்தால், அதற்கு முன்னரும் திரும்பப் பெற்ற அன்றும் இவ்வாறே செய்க. மீண்டும் சுடுமுன் எண்ணெயை முற்றும் துடைத்தெடுக்க மறத்தலாகாது.

ஒரு நாழிகை உழைப்பு ஒரு குழலைக் காக்கும். அதைப் பிடிக்கும் கையையும் காக்கும்.