எழுபது புளியமுத்தும் ஒரு நாணயமும்

பல்லாங்குழியில் முதல் ஆட்டம் மாதிரி நியாயமான இடம் உலகில் அபூர்வம். பதினான்கு குழி, ஆளுக்கு ஏழு. குழிக்கு ஐந்து வீதம் 70 புளியமுத்து, ஆளுக்கு 35. யார் வீட்டுப் பலகை, யார் மூத்தவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. இரண்டாம் ஆட்டத்தில்தான் விஷயம் மாறுகிறது.

முதல் ஆட்டம் 50-க்கு 20 என்று முடிந்ததாக வைத்துக்கொள்வோம். அவரவர் சேர்த்ததைக் கொண்டுதான் அவரவர் குழிகளை நிரப்ப வேண்டும். ஜெயித்தவர் ஏழு குழியையும் நிரப்பிவிட்டு, மிச்சம் 15 முத்தை மடியில் போட்டுக்கொள்கிறார். தோற்றவருக்கு நான்கு குழிதான் நிரம்பும். மீதி மூன்றும் அந்த ஆட்டம் முழுக்க மூடிக் கிடக்கும். விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இந்த அடிப்படை பெரும்பாலும் மாறாது. ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது ‘பசு’, அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். இப்போது ஒருவருக்குப் பசு விழ ஏழு இடம், இன்னொருவருக்கு நான்கே இடம். போதாததற்கு மடியில் இருக்கும் 15. ஜெயித்தவர் இந்த ஆட்டத்தில் சறுக்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். தோற்றவர் சறுக்கினால் தாங்க ஒன்றுமில்லை. ஐந்து முத்துகூடத் தேறாதவர் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதைக் ‘கஞ்சி காய்ச்சுவது’ என்பார்கள். இந்த விளையாட்டைத் தனிச்சொத்தின் பிறப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தவர் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன்.

ஆனால் பல்லாங்குழியில் சாமர்த்தியமும் இருக்கிறதே? சரி, அதைக் கழற்றிவிடுவோம். குழிகளை மறந்துவிட்டு, அதே 70 முத்தை வைத்துக்கொண்டு பூவா தலையா போடலாம். தலை விழுந்தால் ஒரு முத்து இவருக்கு, பூ விழுந்தால் அவருக்கு. ஒருவர் கை காலியாகும்வரை ஆட்டம்.

ஆளுக்கு 35 இருந்தால் ஜெயிக்கும் வாய்ப்பு சரிபாதி. 50-க்கு 20 என்று தொடங்கினால், 50 வைத்திருப்பவர் எதிராளியை ஓட்டாண்டியாக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 71 சதவீதம். 65-க்கு 5 என்றால் 93. அதாவது மொத்தத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ, அதுவே உங்கள் வாய்ப்பு. நாணயம் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. 20 வைத்திருப்பவரைத் தீர்த்துக்கட்ட நிகரமாக 20 தோல்வி போதும், 50 வைத்திருப்பவருக்கு 50 வேண்டும், அவ்வளவுதான். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கு இது.

இதைவிட விசித்திரமான ஒன்றை இந்திய இயற்பியலாளர் அனிர்பன் சக்கரவர்த்தி 2002-இல் எழுதிக் காட்டினார். எல்லோரிடமும் ஒரே அளவு பணம். யாராவது இருவர் சந்தித்து நாணயம் சுண்டுகிறார்கள். இருவரில் கையில் குறைவாக வைத்திருப்பவரின் பணத்தில் ஒரு பங்குதான் பந்தயம். பார்த்தால் ஏழைக்கு இரக்கம் காட்டும் விதி. ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்து, தன்னைவிடப் பெரிய பணக்காரரோடு 100 ரூபாயுடன் இரண்டு முறை ஆடுபவரைப் பாருங்கள். இரண்டிலும் ஜெயித்தால் 144. இரண்டிலும் தோற்றால் 64. முதலில் ஜெயித்துப் பிறகு தோற்றால் 120 ஆகி, அதில் 24 போய் 96. முதலில் தோற்றுப் பிறகு ஜெயித்தால் 80 ஆகி, 16 சேர்ந்து அதே 96. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் சரியாக 100. சராசரியில் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் நான்கு வழிகளில் மூன்று 100-க்குக் கீழே போய் நிற்கின்றன! இப்படியே ஆடிக்கொண்டிருந்தால் கடைசியில் கிட்டத்தட்ட மொத்தப் பணமும் ஒரே ஆளிடம் குவிகிறது. அந்த ஆள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் இல்லை. யாராவது ஒருவராக இருக்க வேண்டும், இவராகிப் போனார்.

அப்படி ஆகிப்போனவர் அதை எப்படிப் பார்ப்பார்? கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பால் பிஃப் என்ற உளவியலாளர் முன்பின் தெரியாதவர்களை ஜோடி ஜோடியாக மோனோபோலி (நம்மூர் ‘பிசினஸ்’ ஆட்டத்தின் மூலம்) ஆட வைத்தார். நாணயம் சுண்டிப் பணக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு இரண்டு மடங்கு பணம், சுற்று முடித்தால் இரண்டு மடங்கு சம்பளம், உருட்ட இரண்டு பகடை, மற்றவருக்கு ஒன்று. சிறிது நேரத்திலேயே பணக்காரர்கள் காயை டொக்கு டொக்கென்று தட்டி நகர்த்தினார்கள். பக்கத்துத் தட்டில் இருந்த நொறுக்குத் தீனியும் அவர்கள் கைக்கே அதிகம் போனது. ஏன் ஜெயித்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, எந்த மனையை எப்போது வாங்கினோம் என்று விளக்கினார்கள். பிஃப் 2013-இல் மேடையில் பேசித்தான் இந்தச் சோதனை பிரபலமானது. ஒரு மேடைப் பேச்சு என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

சக்கரவர்த்தியின் கணக்குக்குத் திரும்பினால், அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் போகோசியனும் சகாக்களும் அதில் ஒரு விதியைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் பணத்திலும் ஒரு சிறு விகிதம் பிடித்து எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது. விகிதம் எவ்வளவு சின்னதானாலும் சரி, மொத்தமும் ஒருவரிடம் போய்ச் சேருவது நின்றுவிடுகிறது. நாணயத்தையே பணக்காரர் பக்கம் சற்றுச் சாய்த்துவிட்டால் மட்டும், பிடித்தம் அந்தச் சாய்வை மிஞ்சியாக வேண்டும்.

மோனோபோலியின் மூல ஆட்டத்திலேயே இப்படி ஒரு விதி இருந்தது. நிலவரிக்காக வாதாடிய ஹென்றி ஜார்ஜின் ஆதரவாளர் எலிசபெத் மாகி, 1904-இல் காப்புரிமை பெற்ற ஆட்டம் அது. அதற்கு அவர் இரண்டு விதித்தொகுப்புகள் வகுத்தார்: ஒன்றில் எதிராளியை ஒழித்தால் வெற்றி, மற்றதில் யார் சம்பாதித்தாலும் எல்லோருக்கும் பலன். பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 1935-இல் அவரது காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. கடைகளில் குவிந்த மோனோபோலிப் பெட்டிகளில் முதல் தொகுப்பின் வழிவந்த விதிகள்தான் இருந்தன.