பழி சுமக்கும் பாட்டரி

தாமிரக் கம்பிச் சுருளைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு எவரும் விளக்கவுரை கூற வேண்டியதில்லை. 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கிய காலந்தொட்டு, கிணற்று மோட்டார் புகைந்துபோனால் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காயில் கட்டி வருவதென்பது கொங்கு நாட்டுக் குடியானவர்களுக்குச் சகஜமான காரியமாகிவிட்டது. மோட்டாரின் காயிலில் மின்சாரம் புகுந்து அசைவாக மாறுகிறது. எலெக்ட்ரிக் கிடாரில் இதே விவகாரம் தலைகீழாக நடைபெறுகிறது. எஃகுத் தந்தி அதிர, அதன் கீழே காந்தத்தைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கட்டப்பட்ட காயிலில் மின்சாரம் பிறக்கிறது. இந்தக் காயிலுக்குத்தான் பிக்-அப் என்று பெயர்.

பிறக்கும் மின்சாரமோ மிகச் சொற்பம். நீண்ட ஒயரின் வழியே ஆம்ப்ளிஃபயரைச் சென்றடைவதற்குள் அதன் மேல்ஸ்தாயி நாதம் மங்கிவிடுவதோடு, சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் சூழ்ந்த கல்யாண மண்டபத்திலோ மாரியம்மன் நோம்பி மேடையிலோ வாசிக்கும்போது ஓயாத ரீங்காரம் ஒன்றும் உடன் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பரிகாரமாக, ஒலியைப் பெருக்கும் சிறு சர்க்யூட் ஒன்றை வாத்தியத்தின் உடலுக்குள்ளேயே வைத்து, அதற்கு ஒன்பது வோல்ட் பாட்டரியால் சக்தியூட்டும் முறை அமெரிக்காவில் பிரபலமாயிற்று. லியோ ஃபெண்டரின் மியூசிக் மேன் நிறுவனம் ஸ்டிங்ரே என்ற பேஸ் கிடாரை இவ்விதம் வெளியிட்டதும், இவ்வகைப் பிக்-அப்புகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஜி. நிறுவனம் கலிஃபோர்னியாவில் தோன்றியதும் 1976-ஆம் ஆண்டில். கிடார் வாசித்துப் பழகிய இளையராஜா 'அன்னக்கிளி' மூலம் திரைப்பட இசையமைப்பாளராக அறிமுகமானதும் அதே ஆண்டில்தான் என்பது வெறும் தற்செயல். ஆயினும் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்த தற்செயல். இன்று நம் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் காணப்படும் பல பேஸ் கிடார்களும், பக்கவாட்டில் குமிழ்கள் பொருத்திய செமி-அக்கூஸ்டிக் கிடார்களும் இந்தப் பாட்டரி இனத்தைச் சேர்ந்தவையே.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாட்டரியை நிறுத்துவதற்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. ஒயரைச் செருகும் துவாரமாகிய ஜாக்கே ஸ்விட்சின் வேலையையும் பார்க்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுப்பதற்காகப் பிறந்த கால் அங்குலப் பின்தான் இன்றுவரை கிடாருக்கும் உபயோகமாகிறது. பாட்டரி கிடாரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஜாக்கில் இரண்டு தொடுப்புகளுக்குப் பதிலாக மூன்று இருப்பதையும், பாட்டரியின் கறுப்பு ஒயர் நடுத்தொடுப்பில் சால்டர் செய்யப்பட்டிருப்பதையும் காணலாம். பின் உள்ளே நுழைந்ததும் அதன் உலோகத் தண்டு நடுத்தொடுப்பையும் வெளிவளையத்தையும் ஒருசேரத் தொடுகிறது. அக்கணமே சர்க்யூட் பூர்த்தியாகிப் பாட்டரி செலவாகத் தொடங்குகிறது. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பின் உள்ளே இருக்கும் வரை செலவு நிற்காது.

ஆகவே ஒயரை எப்போதும் கழற்றி வைக்க வேண்டும் என்று ஒரு கட்சியும், அடிக்கடி கழற்றி மாட்டினால் ஜாக் தேய்ந்துவிடும் என்று மற்றொரு கட்சியும் வாதாடுவது வழக்கம். இரண்டையும் கணக்கிலிட்டுப் பார்க்கலாம். ஈ.எம்.ஜி. 81 போன்ற பிக்-அப் ஒன்றுக்குச் செலவாவது சுமார் 80 மைக்ரோ ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 160. நல்ல அல்கலைன் பாட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி என்று கொண்டால், அது 3,000 மணி நேரம் உழைக்கும். அதாவது இடைவிடாமல் நான்கு மாதம். ஓரிரவு மறந்துவிட்டதற்காக இங்கே துக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ட்யூனரும் ஈக்குவலைசரும் சேர்ந்து இரண்டு மில்லி ஆம்பியர் இழுக்கும் சர்க்யூட் ஒன்றில் அதே பாட்டரி பத்தே நாளில் தீர்ந்துவிடும். மறுபுறம், 10,000 தடவை செருகி எடுத்தாலும் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே உறுதி கூறும் ஜாக்குகள் உண்டு. தினம் ஒருமுறை வீதம் அதற்கு இருபத்தேழு வருஷம் ஆகும். ஆகையால் கழற்றி வைப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

ஜாக்கைக் கெடுப்பது செருகுவதன்று. மேடையில் எவரேனும் ஒயரை மிதிக்க, பின் பக்கவாட்டில் வளைத்து இழுக்கப்பட, ஸ்பிரிங்குத் தகட்டின் பிடிப்பு தளர்வதும், வெளி நட்டு லூஸாகி ஜாக் முழுவதுமே சுழன்று உள்ளிருக்கும் சால்டர் முறிவதுமே நடைமுறையில் காணும் வியாதிகள். பாட்டரி இல்லாத கிடாரில் இவ்வியாதி வந்தால் கரகரவென்று ஓசை எழுந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பாட்டரி கிடாரிலோ நடுத்தொடுப்பு விட்டுப்போனால் சக்தியே நின்று கிடார் மௌனமாகிவிடுகிறது. வாசிப்பவர் பாட்டரி தீர்ந்துவிட்டதென்று முடிவுகட்டிப் புதியதை வாங்கி மாட்டுகிறார். மாட்டும் அசைவில் தொடுப்பு தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ள, சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. அடுத்த முகூர்த்தத்தில் மறுபடியும் அதே கதை. "பாட்டரி மேல பழிய போடாதீங்க தம்பி, ஜாக்க மொதல்ல பாருங்க" என்று ரிப்பேர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. தீரப்போகும் பாட்டரி படிப்படியாக அடையாளம் காட்டும்: பலமாக மீட்டும்போது நாதம் உடைந்து கரகரக்கும், பிறகு ஒலி தணிந்துகொண்டே வரும். ஜாக்கின் கோளாறோ சட்டென்று வரும். பின்னைச் சற்றே அசைத்தால் சட்டென்று விலகும். சந்தேகமிருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: புது அல்கலைன் பாட்டரி ஒன்பது வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும், ஏழு வோல்ட்டை நெருங்கிவிட்டால் மாற்றிவிடலாம். மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லையென்றால் பாட்டரியையே வெளியே எடுத்துவிடுவது நல்லது. கசிந்தால் தொடுப்பையும் அரித்துவிடும்.

முகூர்த்த மாதங்களில் மண்டபம் மண்டபமாக அலையும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒயரை நேரே ஜாக்கில் செருகாமல், தோள்பட்டை வாருக்குள் ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள், யாரேனும் மிதித்தால் இழுவை வாரோடு நின்றுவிடும். நட்டு ஆடினால் உள்ளே ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே முறுக்குங்கள்; பிடிக்காமல் முறுக்கினால் ஒயர் அறுந்துவிடும். புதுப் பாட்டரிக்குக் காசு கொடுக்குமுன் இவ்வளவையும் செய்து பாருங்கள்.