தண்ணீரில் அத்தி, தீயில் பலகை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில், தண்ணீருக்கு அடியில், அத்திமரத்தால் ஆன பெருமாள் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே எழுந்தருளுவார். 1939, 1979, அதன்பின் 2019. கடைசி முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஊர் கொள்ளாத கூட்டம். இத்தனை காலம் தண்ணீரில் கிடந்த மரம் ஏன் அழுகவில்லை என்ற கேள்வி, பக்தியோடு வந்தவர்களுக்கும் எழாமல் இருந்திருக்காது.

அத்தி வைரம் பாய்ந்த மரம் அல்ல. வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தால் சீக்கிரம் உளுத்துவிடும். ஆனால் தண்ணீருக்குள் நின்று பிடிக்கும். கிணற்றின் அடிச்சட்டத்துக்கு உகந்த மரம் என்று பழைய மரவியல் நூல்கள் அதைக் குறித்திருக்கின்றன. வெளியே நலிந்துபோகும் மரம் உள்ளே நிலைப்பதற்குக் காரணம் உண்டு. வெட்டிய மரம் வயதாகி அழிவதில்லை. அதை யாரோ தின்றுதான் அழிகிறது. தின்பவை பூஞ்சையும் கரையானும். பூஞ்சைக்கு உணவு, ஈரம், காற்று, மிதமான வெப்பம் நான்கும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அதனால் வளர முடியாது. முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டாலும் வளர முடியாது, ஏனென்றால் அங்கே போதிய ஆக்சிஜன் இல்லை. சில பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாக அரிக்கும். ஆபத்தான இடம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. மண்ணில் ஊன்றிய கம்பம் எப்போதும் தரைமட்டத்தில்தான் இற்றுப்போகிறது. ஈரமும் காற்றும் கைகோர்க்கும் இடம் அதுதான்.

அனந்தசரஸ் குளத்தில் மரத்திடமிருந்து விலக்கப்படுவது காற்று. ஜப்பானியர் இதே சிக்கலை வேறு முனையிலிருந்து பிடித்தார்கள். அவர்கள் கைவைத்தது உணவில்.

யாகிசுகி என்பது சுகி என்னும் ஜப்பானிய ஊசியிலை மரப் பலகையின் முகத்தைக் கரியாக்கி, அதை வீட்டின் வெளிச்சுவருக்குப் போர்த்தும் மரபு. மூன்று பலகைகளை முக்கோணக் குழாயாகக் கட்டி நிறுத்தி, அடியில் நெருப்பு வைக்கிறார்கள். சூடான காற்று மேலே பாய, தீ குழாய்க்குள் விறுவிறுவென ஏறுகிறது. சில நிமிடங்களில் கட்டைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தால், உட்பக்கம் மட்டும் கரியாகியிருக்கும். அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால், கோடையில் வெடித்த ஏரிப்படுகை போல் கட்டங்கட்டமாகப் பிளந்திருக்கும். நவோஷிமா தீவின் பழைய வீடுகளில் இந்தக் கறுப்புச் சுவர்களை இன்றும் காணலாம். கட்டடக் கலைஞர் தெருநோபு புஜிமோரி 2007-இல் நாகானோவில் கட்டிய வீட்டுக்கே யாகிசுகி வீடு என்றுதான் பெயர்.

தீயில் நடப்பது இது. மரத்தின் உட்பொருள்களில் முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ். ஈரத்தை அதிகம் இழுப்பதும், பூஞ்சைக்கு எளிதில் இரையாவதும் அதுவே. பிறகு, 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது செல்லுலோஸ் உடைகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதைத் தின்று பூஞ்சையோ கரையானோ பிழைக்க முடியாது. கரி வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. அதனால்தான் பலகை முழுக்க எரிந்து போகாமல் உள்மரம் தப்புகிறது. ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் ஆழம்தான் கரியும் என்று ஐரோப்பியக் கட்டட விதிகள் கணக்கிடுகின்றன. புதிய கண்டுபிடிப்பும் அல்ல இது: அடித்தளத்துக்கு அடிக்கும் மரக்கழிகளைக் கருக்கிப் பயன்படுத்தச் சொன்னவர், கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ்.

காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் தேர்ந்தது மூன்றாவது வழி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பொறித்துவைத்தான். மரமே வேண்டாம் என்ற முடிவு அது.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும் புது வீடுகளுக்கு வருவோம். கடலோரத்து வீட்டுக்குக் கரிப்பலகைச் சுவர் கேட்பவர்கள், கறுக்கிவிட்டால் போதும், மரம் சாகாது என்று நம்பக்கூடாது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வகத்தார், கடையில் கிடைக்கும் பலவகைக் கரிப்பலகைகளைச் சோதித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூஞ்சைக்கும் சரி, தீக்கும் சரி, சாதாரணப் பலகையைவிட அவை சீராக மேம்பட்டு நிற்கவில்லை. இதில் வியப்பில்லை. கரி ஒரு மெல்லிய தோல். பிளவு வழியே மழை உள்ளே போனால், அங்கே காத்திருப்பது கரியாகாத பச்சை உணவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நம் கடற்கரைச் சுவரை நாள்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் கடற்கரையில் மரத்தைக் காப்பது எப்படி என்பதை மீனவர்கள் நெடுங்காலமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். குளத்துத் தண்ணீர் அத்தியைக் காக்கும். கடல்தண்ணீர் கட்டுமரத்தைக் காக்காது. அங்கே மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு இருக்கிறது, அது உண்மையில் சிப்பி இனம். ஆகவே நனைந்த மரம் சீக்கிரம் உலர வேண்டும் என்பதே இங்கே முதல் விதி.

கரிப்பலகை போர்த்த விரும்புகிறவர்கள் அதையே பின்பற்றலாம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்துங்கள். கூரை நன்றாக வெளியே நீளட்டும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்துவிடும், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஆணியே போடுங்கள். கரையானுக்கு அடித்தளத்திலேயே தடுப்பு வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, தீ கொடுத்த அந்தக் கறுப்பைத் தாராளமாக விரும்பிப் போர்த்துங்கள். இவற்றைச் செய்ய முடியாது என்றால் பலகையை விட்டுவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதே மேல்.