கொறங்காட்டுப் புல்லும் கௌதாரியும்

காங்கேயம், தாராபுரம் தாலூகாக்களிலும் அவற்றை அடுத்த மானாவாரிப் பூமிகளிலும் வாழும் குடியானவர்களுக்குக் கொறங்காடு இன்னதென்று விளக்கத் தேவையில்லை. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள் என்ற இம்மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. ஆழமற்ற சரளை மண்ணும் குறைந்த மழையும் உள்ள இடத்தில் காங்கேயம் மாடுகளையும் மேச்சேரி ஆடுகளையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது இதுவே. ஆனால் இதே புல்லும் வேலியும் கௌதாரி, காடை முதலிய தரைப் பக்ஷிகளுக்கு வீடாகவும் இருந்து வருகின்றன என்பதில் நம்மிற் பலர் சிரத்தை கொள்வதில்லை. அவ்வீட்டை எவ்வாறு பயிர் செய்து பராமரிப்பது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மேல்நாடுகளில் இது ஒரு தனிச் சாகுபடியாகவே நடந்து வருகிறது. இங்கிலாந்தில் வேட்டைப் பறவைகளை வளர்க்கும் நிலக்கிழார்கள், வயலோரங்களில் பல்லாண்டுப் பயிர்களைப் பட்டையாக விதைத்து, அவற்றை மறைவுக்கென்றே விட்டு வைக்கிறார்கள். நாம் காப்பிப் பொடியில் கலக்கும் சிக்கரியும் அவ்வாறு விதைக்கப்படும் செடிகளில் ஒன்று. நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியை வேட்டையாடுவது குற்றமாகும். ஆகையால் அவர்கள் நோக்கம் வேறு, நம் நோக்கம் வேறு. எனினும் பறவைக்கு வேண்டிய மறைவு இரண்டு இடங்களிலும் ஒன்றே.

முதலில் என் சொந்தப் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவருடைய ஐந்து ஏக்கர் கொறங்காட்டைப் பார்வையிட்டு, கோடை மழையில் தழைத்த புல்லை ஆடி மாதத்தில் ஒரே மூச்சில், தரையோடு ஒட்ட, வேலி ஓரம் வரையில் அறுத்துவிடச் சொன்னேன். வேலியின் அடிப்புதர்களையும் கழிக்கச் சொன்னேன். காடு பார்ப்பதற்குச் சுத்தமாயிற்று. மறுநாள் காலையில் நான் போனபோது அப்பெரியவர் புல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இன்னிக்குக் கௌதாரி கத்தலீங்களே" என்று மட்டும் சொன்னார். வேலி ஓரத்தில் அறுத்த புல்லின் அடியில், சிறு பள்ளம் ஒன்றில் ஏழு முட்டைகள் நொறுங்கிக் கிடந்தன. பறவை அவ்வாண்டு அங்கே திரும்பவில்லை. புல்லறுப்பைப் பற்றிப் படித்திருந்தேனே ஒழிய, புல்லுக்குள் என்ன நடக்கிறதென்பதை நான் படிக்கவில்லை.

பறவைக்கு வேண்டுவன

கௌதாரி மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்தூரின் அடியிலோ புதரின் ஓரத்திலோ தரையைச் சற்றுக் கீறி, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு முட்டைகள் வரையில் இடும். முக்கியமாக முட்டையிடும் காலம் சித்திரை முதல் புரட்டாசி வரை. அடைகாப்பு ஏறக்குறைய 18 அல்லது 19 நாட்கள். பொரித்த குஞ்சுகள் உடனே நடந்து தாயைப் பின்தொடரும். பெரிய பறவைகளும் பறப்பதைவிட ஓடி ஒளிவதையே விரும்பும். இரவில் தாழ்ந்த முள்மரங்களில் அடையும். ஆகவே தரையில் புல், ஓரத்தில் புதர், மேலே முள்மரம் என மூன்றும் அருகருகே வேண்டும். இம்மூன்றும் ஒன்றாய் அமைந்திருப்பதே கொறங்காட்டின் சிறப்பு.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தானியம் இறைத்தால் பறவை பெருகும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய பறவை புல்விதை, களைவிதை, சிந்திய தானியம், கறையான், வண்டு ஆகியவற்றைத் தின்னும். குஞ்சுக்கோ பூச்சியே பிரதானம். இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பகுதிக் குன்றுகளில் 1960-களின் இறுதியில் டிக் பாட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. களைக்கொல்லி மருந்தால் களைகள் மறைந்தன. களைகளை நம்பியிருந்த பூச்சிகள் குறைந்தன. பூச்சியில்லாமையால் அந்நாட்டுக் கௌதாரியின் குஞ்சுகள் முதல் சில வாரங்களிலேயே மடிந்தன. பிற்பாடு 1980-களில், வயல்களின் குறுக்கே ஏறத்தாழ 2 மீட்டர் அகலமுள்ள வரப்புகளை எழுப்பி, தூர்கட்டும் பல்லாண்டுப் புல்லை அவற்றில் விதைத்தார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடிக்கும் வண்டுகள் அப்புல்தூர்களில் தங்கின. தரைப் பக்ஷிகளும் அவற்றில் இடம் பிடித்தன. அவர்கள் புதிதாய் உண்டாக்க வேண்டியிருந்ததை நம் முன்னோர் முன்னமே வைத்துப் போயிருக்கிறார்கள்.

புல் விதைப்பு

புல் அழிந்த கொறங்காட்டில் மறுவிதைப்பு அவசியம். நிலம் முழுவதையும் ஒரே வருஷத்தில் உழுதுவிடலாகாது. பாதியை இவ்வாண்டும், மறுபாதியை புல் நன்கு தூர்கட்டிய பிற்பாடும் உழுதால், பறவைக்கும் ஆட்டுக்கும் எப்பொழுதும் ஒரு பாதி நிற்கும்.

தூய பயிருக்கு ஏக்கருக்கு 2½ முதல் 3 கிலோ கொழுக்கட்டைப் புல்விதை போதும். அறுத்த புதுவிதை ஆறு முதல் எட்டு மாதம் வரையில் உறக்கத்தில் இருக்குமாதலால், சென்ற ஆண்டு விதையையே விதைக்க வேண்டும். விதை இலேசானது, அரை அங்குலத்திற்கு மேல் மண் மூடினால் முளைப்புக் குறையும். ஆடி முதல் புரட்டாசிக்குள் மழையின் பதம் பார்த்து விதைக்கலாம். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் சேர்ப்பது நலம். இது பயறு வகையைச் சேர்ந்ததாகையால் மண்ணும் தீவனமும் ஒருங்கே வளம் பெறும். முயல் மசால் விதையின் தோல் கடினமானது. கொதி அடங்கிய சுடுநீரில் நான்கு நிமிஷம் முக்கியெடுத்து, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். முதலாண்டில் மேய்ச்சலுக்கு அவசரப்படாமல், புல் விதை கட்டி உதிரும் வரையில் பொறுத்திருப்பதே மூலதனம்.

அறுப்பும் மேய்ச்சலும்

என் பிழையிலிருந்து நான் கற்ற முறைகள் பின்வருவன:

1. வேலியை ஒட்டி உட்புறம் சுற்றிலும் பத்தடி அகலத்தைச் சித்திரை முதல் புரட்டாசி வரையில் அறுக்காமல் விடுக. ஐப்பசிக்குப் பின் அதையும் மேய்த்துக்கொள்ளலாம், புல் வீணாவதில்லை.

2. அறுப்பை நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி வருக. ஓரத்தில் தொடங்கினால் பறவைகள் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும்.

3. அரையடித் தாளை விட்டு அறுக்க. புல்லும் விரைவில் துளிர்க்கும். தரையும் வெயிலில் காயாது.

4. காட்டை இரண்டு மூன்று பட்டிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்க. முழுக்காட்டிலும் ஆண்டு முழுவதும் ஆடு விட்டால் புல்தூர் செத்துப்போகும்.

5. கிளுவை வேலியைக் கழிப்பதை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்க. சந்து விழுந்த இடங்களில் கிளுவைப் போத்து நட்டு மூடுக. கம்பிவேலி ஆட்டைத் தடுக்கும்; அதில் ஒரு கௌதாரியும் அடையாது.

6. உலர்ந்த புல்லுக்கு நெருப்பு வைக்க வேண்டாம்.

7. மருந்து கலந்த விதையைத் தரைமீது சிந்த விடாமல் மண்ணில் மூடுக.

சீமைக் கருவேல் மறைவு தராதா என்று சிலர் கேட்பதுண்டு. மறைவு தரும், ஆனால் அது அடர்ந்த இடத்தில் புல் நிற்காது. புல்லில்லாத மறைவு கௌதாரிக்குப் பாதி வீடே. வெள்வேலமோ புல்லைத் தன் நிழலில் வாழவிடும். புல் வற்றிய நாட்களில் காயையும் ஆட்டுக்குத் தரும்.

ஒரு ஆக்ஷேபம்

மறைவு வைத்தால் மயிலும் வந்து வெள்ளாமையை அழிக்குமே என்பது குடியானவர்களின் முறையீடு. இதில் நியாயம் இல்லாமலில்லை. கௌதாரியுங்கூட முளைவிதையைச் சிறிது கிளறித் தின்னும். ஆதலால் தோட்டப் பயிரை ஒட்டிய ஓரத்தைவிட, மேய்ச்சல் நிலத்தின் உட்புறத்து ஓரங்களில் மறைவுப் பட்டையை வைப்பதே உசிதம். கௌதாரி வந்ததால் மட்டும் மகசூல் பெருகும் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் கௌதாரி நிற்கும் காட்டில் புல்தூர் உண்டு, வேலி உண்டு, பூச்சியைத் தின்னும் வாய்கள் உண்டு, மழையில் ஓடாத மண் உண்டு. காட்டின் க்ஷேமத்தை அறிய அதன் காலைக் கூவல் ஒரு செலவில்லாத அளவுகோல்.

கிராம அதிகாரிகளுக்கு

கண்ணி வைத்தும், பழக்கிய பார்வைப் பறவையைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டும் கௌதாரி பிடிக்கும் வழக்கம் முற்றிலும் ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை. பறவையைப் பிடிப்பது மட்டுமன்று, முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் மேற்படி சட்டத்தில் வேட்டையாகவே கருதப்படும். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதை ஊரில் எடுத்துச் சொல்லி, மீறுவோரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். புறம்போக்கு நிலத்து ஓரப்புதர்களைச் சுத்தம் என்ற பெயரில் முட்டைக் காலத்தில் அழிக்காதிருப்பதும் அவர்கள் கையில் உள்ளது.

கொறங்காடுகள் பல மனைகளாகவும் வேறு காரியங்களுக்காகவும் பிரிந்து போகின்றன. வேலியைப் பிடுங்க ஒரு நாள் போதும். அதை மறுபடி அடைக்கப் பல வருஷங்கள் செல்லும். நிலத்தை வைத்திருக்கும் அன்பர்கள் இவ்வாண்டு பத்தடி ஓரத்தை மட்டுமாவது விட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன பெரியவரின் காட்டில் அப்படி விட்ட மூன்றாம் வருஷம், சித்திரை மாதத்துக் காலையொன்றில், வேலிக்குள்ளிருந்து கௌதாரி மறுபடியும் கூவியது. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, கேட்கச் சொன்னார்.